பாரில் மனசு லேசாவது சரக்காலா, இடத்தாலா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். வேலைக்காக இங்கிலாந்து வந்து ஒரு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை மாலை ஆபீஸ் நண்பர்களோடு பப்புக்குப் போகிறீர்கள். நீங்கள் குடிப்பதில்லை, ஆரஞ்சு ஜூஸோடு சரி. ஆனாலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் வாரத்தின் பாரம் இறங்கியது போல இருக்கிறது. ஊரில் இருந்தபோது டாஸ்மாக் பார் இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போன ஆள் நீங்கள். 'அப்படியானால் ஒரு பாரை இளைப்பாறும் இடமாக்குவது எது? சரக்கா, இடமா, ஆட்களா? நம் ஊரில் அது ஏன் அமையவில்லை?' என்று கேட்டிருக்கிறீர்கள். குடிக்காத உங்களுக்கே அங்கே ஏதோ கிடைக்கிறது என்பதுதான் இதில் முக்கியமான தகவல். அதை வைத்தே பதிலைத் தொடங்கலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. படிக்க வந்த காலத்தில் கைச்செலவுக்காக வட இங்கிலாந்தில் ஒரு பப்பின் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். படிப்பு முடிந்தும் அந்த வேலை என்னை விடவில்லை. மது விற்பதற்கான உரிமம் எடுத்து, சின்ன ஊர்களில் பப் நடத்தி, இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கவுண்டர் வேலை சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே தொழிலைப் பற்றி அடித்துப் பேசுவேன். மூளை, நரம்பு விஷயத்தில் நான் மருத்துவன் இல்லை என்பதால், பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். என் பதில் இது: ஒரு பார் எப்படிக் காசு பார்க்கிறது என்று முதலில் கேளுங்கள். நீங்கள் ஆற அமர உட்கார்ந்திருப்பதால் அந்தக் கடைக்கு நஷ்டமில்லை என்றால் அங்கே நிம்மதி இருக்கும். விளக்கு, மரச்சாமான், சிரித்த முகம் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

முதலில் சரக்கை முடித்துவிடுவோம். மது, மூளையில் காபா என்ற அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. அதனால்தான் முதல் கிளாஸில் தோள் தளர்கிறது. இது உறுதியான விஷயம். அதே அளவுக்கு உறுதியான இன்னொன்று, அந்த அமைதி கடன் என்பது. போதை இறங்கும்போது மூளை எதிர்ப்பக்கம் சாய்கிறது. தூக்கத்தின் பின்பாதி கெடுகிறது, விடியற்காலையில் காரணமில்லாத பதற்றம் வருகிறது. அளவு கூடக்கூட வட்டியும் கூடும். இளைப்பாறுவதற்குக் குடி நல்ல வழி என்று தொழிலில் இருக்கும் நானே சொல்ல மாட்டேன்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே ஒரு பாரை அமைத்தார். கவுண்டர், பாட்டில்கள், மங்கலான விளக்கு எல்லாம் உண்டு. வோட்கா கலந்தது என்று சொல்லி வெறும் டானிக் நீரை, அதாவது கசப்புச் சோடாவை, கொடுத்தாலே பலர் கலகலப்பாகப் பேசத் தொடங்கினார்கள். குடித்தது என்ன என்பதைவிட, குடிக்கிறோம் என்ற எண்ணமும் அந்தச் சூழலும் நடத்தையை எவ்வளவு மாற்றுகின்றன என்பதற்கு இந்த வகை ஆய்வுகள் 1970-கள் முதல் சான்று தந்து வருகின்றன. எவ்வளவு பங்கு மதுவுக்கு, எவ்வளவு பங்கு எதிர்பார்ப்புக்கு என்பதில் ஆளுக்கு ஆள், அளவுக்கு அளவு விடை மாறுகிறது. அதை ஒரு சதவீதமாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஆரஞ்சு ஜூஸோடு உங்களுக்கு மனசு லேசாவது கற்பனை இல்லை என்று சொல்ல இதுவே போதும். சரக்கு இல்லாமலேயே வேலை செய்யும் ஏதோ ஒன்று அந்த அறைக்குள் இருக்கிறது.

அந்த ஏதோ ஒன்றில் முதலாவது, வேகம். இங்கே பீரின் அளவு பைன்ட், அதாவது 568 மில்லி. பாதி பைன்டும் கேட்டு வாங்கலாம். மரபான பீர் பலவும் 4 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அப்படி ஒரு பைன்டில் சுத்த ஆல்கஹால் சுமார் 23 மில்லி. விஸ்கி, ஜின், ரம், வோட்கா என்றால் 25 அல்லது 35 மில்லி அளவிலோ அதன் மடங்கிலோதான் ஊற்ற வேண்டும் என்பது சட்டம். ஒருவர் ஒரு பைன்டை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஓட்டலாம், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நம் ஊர் டாஸ்மாக்கில் சில்லறையாகக் கிடைக்கும் மிகச் சிறிய பாட்டில் குவார்ட்டர், 180 மில்லி. வழக்கமான 42.8 சதவீதம் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. பிரிட்டிஷ் கணக்கில் 10 மில்லி ஒரு யூனிட், வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாதீர்கள் என்பது இங்குள்ள அரசின் தலைமை மருத்துவ அதிகாரிகளின் அறிவுரை. ஒரே குவார்ட்டரில் 7.7 யூனிட், வாரக் கணக்கில் பாதிக்கு மேல். இந்தப் பக்கம் ஒரு பைன்டுக்கு 2.3 யூனிட். ஒரு பெக் மட்டும் வாங்கிக்கொண்டு உட்காரும் வசதியே அங்கே இல்லை. மூடியைத் திறந்தால் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். முன்பின் தெரியாத இருவர் கடை வாசலில் கூட்டுச் சேர்ந்து ஒரு குவார்ட்டரை வாங்கி 'கட்டிங்' போடுவது ஏன் என்று நினைக்கிறீர்கள்? சில்லறைத் தட்டுப்பாடு ஒரு காரணம். பாட்டில் கொடுக்கும் அளவை மனிதன் தானே பாதியாக்கிக்கொள்ளும் ஏற்பாடு என்றும் அதைப் பார்க்கலாம்.

இரண்டாவது, வரவும் போகவும் உள்ள சுதந்திரம். பப்பில் நீங்களே கவுண்டருக்குப் போய், கேட்டு, அங்கேயே காசு கொடுத்துவிட்டு, கிளாஸை எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறீர்கள். கணக்கு அப்போதே தீர்ந்துவிடுகிறது. பில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தலைக்கு மேல் சர்வர் நிற்க மாட்டார். பிடிக்கவில்லையா, பாதி கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போகலாம். பிடித்திருக்கிறதா, அடுத்தது வாங்காமலேயே இன்னும் அரை மணி நேரம் இருக்கலாம். இது சின்ன ஏற்பாடு மாதிரி தெரியும். உடல் தளர்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை என்பது என் அனுபவம். எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று தெரிந்தவன்தான் சாய்ந்து உட்காருவான்.

புதுப் பணியாளர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது பீர் ஊற்றுவதை அல்ல. கவுண்டரில் ஆறு பேர் நிற்கிறார்கள், நீ ஒருவருக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாய், புதிதாக ஒருவர் வந்து சேருகிறார். கையை நிறுத்தாதே, ஆனால் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்து ஒரு தலையசைப்பு கொடு. 'பார்த்துவிட்டேன், உன் முறை வரும்' என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் ஐந்து நிமிடம் நின்றாலும் முகம் சுளிக்க மாட்டார். அந்தத் தலையசைப்பு கிடைக்காதவர் இரண்டு நிமிடத்தில் நோட்டை ஆட்டத் தொடங்கிவிடுவார். அடுத்த பாடம் கிளாஸ் எடுப்பது. அடியில் ஒரு விரல் உயரம் பீர் இருக்கும் கிளாஸைத் தொடாதே. கிளாஸ் மேல் அட்டையை மூடி வைத்துப் போயிருந்தால் ஆள் திரும்பி வருவார் என்று அர்த்தம், அதையும் தொடாதே. காலி கிளாஸைக்கூடப் பாய்ந்து எடுக்காதே. மேசை காலியாகிவிட்டால் உட்கார்ந்திருப்பவருக்கு உடனே 'வாங்கு, இல்லையென்றால் எழுந்திரு' என்று காதில் விழும். நீ வாய் திறந்திருக்கவே மாட்டாய்.

அப்புறம் சத்தம். இதில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். சுற்றுச் சத்தம் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துகிறான். பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார் 1911-ல் எழுதியதால் அவர் பெயரிலேயே அந்த விளைவு அழைக்கப்படுகிறது. ஒரு மேசை குரலை உயர்த்தினால் பக்கத்து மேசையும் உயர்த்தும், அரை மணியில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். சிமென்ட் தரை, டைல்ஸ் ஒட்டிய சுவர், தகரக் கூரை, ஸ்டீல் மேசை என்றால் ஒலி எங்கும் அடங்காமல் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். பழைய பப்புகளில் பூப்போட்ட தடித்த கம்பளம் விரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கறை தெரியாமல் இருக்க அந்தப் பூ, சத்தம் அடங்க அந்தத் தடிமன். தாழ்ந்த கூரை, மெத்தை வைத்த பெஞ்சு, திரைச்சீலை எல்லாம் அதே வேலையைச் செய்கின்றன. கம்பளத்தைப் பிய்த்துவிட்டு மரத்தரையும் கண்ணாடிச் சுவருமாக 'நவீனப்படுத்திய' பப்புகளில் பழைய ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுபோவதை நானே பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் 'என்னமோ முன்ன மாதிரி இல்லை' என்பார்கள். அவர்கள் காது சொல்வதை வாய்க்குச் சொல்லத் தெரிவதில்லை.

சத்தத்தை வேண்டுமென்றே கூட்டுகிறவர்களும் உண்டு. பிரான்சின் மேற்குப் பகுதியில் இரண்டு பார்களில் நிக்கோலா கெகன் என்ற ஆய்வாளர் குழு பாட்டின் ஒலியளவை மாற்றிப் பார்த்து 2008-ல் வெளியிட்டது. 72 டெசிபெல்லில் ஒரு கிளாஸ் பீர் முடிய பதினாலு நிமிடத்துக்கு மேல் ஆனது. 88 டெசிபெல்லில் பதினொன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது, எண்ணிக்கையும் கூடியது. ஆனால் ஆய்வில் இருந்தது நாற்பது இளைஞர்கள், எல்லோரும் ஆண்கள். அதை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது. பேச முடியாதபோது கை கிளாஸுக்குப் போகிறதா, பாட்டின் துடிப்பே வேகத்தைக் கூட்டுகிறதா என்பதும் தீராத கேள்வி. கவுண்டருக்குப் பின்னால் நின்ற எனக்கு முதலாவதுதான் சரி என்று படுகிறது. எப்படியானாலும், காதைப் பிளக்கும் பாட்டு போடும் பார் உங்கள் இளைப்பாறுதலுக்காக அதைப் போடவில்லை.

இருக்கை, வெளிச்சம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் வெளிச்சம், தனித்தனித் தீவுகளாக விளக்கு, முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு எதிரே வாசல். உலகம் முழுக்க மனிதன் இப்படித்தான் இடம் பிடிக்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர்கள் இதை ஒரு எல்லைக்கே கொண்டுபோனார்கள். வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாதபடி பூவேலை செய்த மங்கல் கண்ணாடி ஜன்னல்கள், உள்ளே மரத் தடுப்புகள், கவுண்டரின் மேல் முகத்தின் உயரத்தில் திருப்பி மூடக்கூடிய சின்னக் கண்ணாடிப் பலகைகள். வேண்டும்போது திறந்து ஆர்டர் கொடுக்கலாம், வேண்டாதபோது மூடிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் குடிக்கலாம். லண்டன் புளூம்ஸ்பரியில் 'லாம்ப்' என்ற பப்பில் அந்தப் பலகைகளை இன்றும் பார்க்கலாம். வர்க்க வேறுபாட்டைக் காப்பதற்கு வந்த ஏற்பாடுதான் அது. இருந்தாலும் கூட்டத்துக்கு நடுவே மறைவு என்ற சுகத்தை அது சரியாகப் பிடித்துவிட்டது. கவுண்டரில் பக்கம் பக்கமாக உட்காருவதிலும் அதே சுகம்தான். நம் டீக்கடை பெஞ்சில் இருவர் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசுவது போல, முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேச்சு நின்றாலும் சங்கடம் இல்லை.

இப்போது ஆட்கள். வீடு, வேலை இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஓர் இடம் மனிதனுக்கு வேண்டும் என்று ரே ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1989-ல் எழுதியது இந்தப் பேச்சில் எல்லோரும் இழுக்கும் மேற்கோள். அவர் சொன்னது சரிதான். தொழில் செய்கிறவன் அதோடு சேர்த்து அந்த மூன்றாவது இடத்துக்கு வாடகை கட்டுவது யார் என்றும் கேட்பான். ஆக்ஸ்போர்டின் ராபின் டன்பார் 2016-ல் செய்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. வழக்கமாகப் போகும் உள்ளூர் பப் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு நெருங்கிய நண்பர்கள் கூடுதலாகவும் வாழ்க்கையில் திருப்தி அதிகமாகவும் இருந்தன. சின்ன பப்புகளில் மக்கள் சின்னக் கூட்டமாக, நீண்ட நேரம் பேசினார்கள். ஒரே பேச்சில் நாலு பேர் வரைதான் இயல்பாக நிலைக்க முடியும், ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சு இரண்டாகப் பிரியும் என்பது அவருடைய பழைய கண்டுபிடிப்பு. வேண்டுமானால் அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் மேசையிலேயே கவனித்துப் பாருங்கள். இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பப்புகளையும் மரபான பீரையும் காக்கப் பிரச்சாரம் செய்யும் காம்ரா அமைப்பு. அதற்காக முடிவு பொய் என்று சொல்ல வரவில்லை. நண்பர்கள் உள்ளவன் பப்புக்குப் போகிறானா, பப்புக்குப் போவதால் நண்பர்கள் வருகிறார்களா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை.

என் தொழில் அறிவு சொல்வது இதைவிடச் சின்ன விஷயம். நல்ல பப்பில் உங்களைத் தெரியும், ஆனால் விசாரிக்க மாட்டார்கள். 'வழக்கமானதுதானே?' என்று கேட்டுவிட்டுக் கிளாஸை எடுப்பதோடு சரி. சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது, ஏன் இன்னும் ஊருக்குப் போகவில்லை என்ற கேள்விகள் வராது. உறவு நெருக்கமும் முழு அநாமதேயமும் இரண்டுமே களைப்பைத் தருபவை. இது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. உங்களுக்கு மனசு லேசாவதில் பெரும்பங்கு இதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும்.

ரவுண்டு வாங்கும் பழக்கம் வேறு ரகம். ஆளாளுக்கு முறை வைத்து எல்லோருக்கும் வாங்குவது நட்பைக் கூட்டும், குடியையும் கூட்டும். ஐந்து பேர் சேர்ந்தால் ஐந்து பைன்டு உள்ளே போயாக வேண்டும், மெதுவாகக் குடிப்பவன் வேகமாகக் குடிப்பவனோடு ஓட வேண்டும். முதல் உலகப்போரின்போது, 1915 அக்டோபரில், லண்டனில் ஒருவர் இன்னொருவருக்கு வாங்கிக்கொடுப்பதையே அரசு குற்றமாக்கியது. நண்பனுக்கு ஒரு கிளாஸ் வாங்கியவனைச் சட்டம் பிடித்த காலம் அது. குடிக்காதவர் ரவுண்டுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. உங்கள் முறைக்கு நீங்களும் வாங்குங்கள், உங்களுக்கு ஜூஸ் வரட்டும். கணக்கில் நஷ்டம், மரியாதையில் லாபம்.

இதுவரை சொன்னதெல்லாம் யாருக்கு என்று கேட்டால் கதை கொஞ்சம் கசக்கும். லண்டன் ஃப்ளீட் தெருவில் 'எல் வினோ' என்ற பெயர்பெற்ற மது விடுதியில் பெண்கள் கவுண்டரில் நின்று வாங்க முடியாது, பின்னறையில் உட்கார்ந்தால்தான் கொடுப்பார்கள். 1982-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது மாறியது. பர்மிங்ஹாம் பக்கத்தில் ஸ்மெத்விக் ஊரில் 1960-களில் பல பப்புகளில் கறுப்பர்களுக்கும் நம்மவர்களுக்கும் சில அறைகளில் அனுமதி இல்லை. அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய மால்கம் எக்ஸ் 1965 பிப்ரவரியில் அங்கே நேரில் வந்து பார்த்தார். அதே ஆண்டு வந்த இன உறவுச் சட்டம் பப் போன்ற பொது இடங்களில் அந்தப் பாகுபாட்டைத் தடைசெய்தது. பின்னாளில் அந்த வட்டாரத்தில் பஞ்சாபியர்களே பப்புகளை வாங்கி, பைன்டுக்குப் பக்கத்தில் சூடான இரும்புத் தட்டில் மிக்ஸ்டு கிரில் வைத்து, 'தேசி பப்' என்ற தனி வகையையே உருவாக்கினார்கள். வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள், உங்களைப் போல குடிக்காதவர்களும் சாப்பிடுவதற்காகவே வருவார்கள். நீங்கள் இன்று அனுபவிக்கும் நிம்மதி பப்போடு கூடப்பிறந்தது இல்லை. சண்டை போட்டுத்தான் அந்தக் கதவு அகலமானது.

கடைசியாக, நம் ஊரில் ஏன் இல்லை. அரசாங்கம் நடத்துவதால்தான் இப்படி என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தின் வடக்கு எல்லையில் கார்லைல் என்ற ஊர். முதல் உலகப்போரில் பக்கத்தில் கிரெட்னாவில் பெரிய வெடிமருந்து ஆலை கட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்து இறங்க, சம்பள நாளில் ஊரே தள்ளாடியது. 1916-ல் அரசு அங்கிருந்த மது ஆலைகளையும் பப்புகளையும் மொத்தமாக வாங்கிவிட்டது. பல பப்புகளை மூடியது. மீதியைத் திருத்தியது. பழைய அஞ்சலகக் கட்டடத்தில் 'கிரெட்னா டேவர்ன்' என்று சாப்பாட்டுக் கூடத்தோடு ஒன்றைத் திறந்தது. மேலாளர்களுக்குச் சம்பளம் நிலையானது, மது விற்றால் கமிஷன் கிடையாது, சாப்பாடும் மதுவில்லாத பானமும் விற்றால் உண்டு. ஹாரி ரெட்ஃபெர்ன் என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தி, வெளிச்சமும் காற்றும் வரும்படி, உட்கார்ந்து சாப்பிடும்படி, பெண்களும் கூச்சமில்லாமல் வரும்படி புதிய பப்புகளைக் கட்டியது. அவர் பெயரிலேயே அங்கே ஒரு பப் 1940-ல் எழுந்தது. இந்த அரசு ஏற்பாடு 1973 வரை ஓடியது. குடிவெறி வழக்குகள் குறைந்தது இதனால்தானா, போர்க்காலத்தில் பீர் நீர்த்து, வரி ஏறி, கடை நேரம் சுருங்கியதாலா என்பதில் இன்றும் வாதம் உண்டு, ஏனென்றால் நாடு முழுக்கவே அவை குறைந்தன. சனிக்கிழமை விஸ்கி கிடையாது போன்ற கட்டுப்பாடுகளைத் திட்டியவர்களும் இருந்தார்கள். ஆனால் அரசே நடத்தினாலும் நாகரிகமான பப் நடத்த முடியும் என்பதில் சந்தேகமில்லை.

இங்கே ஒரு கெட்டிக்காரர் என்னை மடக்கலாம். டாஸ்மாக்கை ஒட்டிய பாரை டெண்டர் எடுப்பவருக்கும் மது விற்கும் உரிமை இல்லையே, தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும்தானே உரிமம், அப்படியானால் அவரும் கார்லைல் மேலாளர் மாதிரிதானே? சட்டப்படி அப்படித்தான். வித்தியாசம் கணக்கில் இருக்கிறது. கார்லைல்காரருக்கு மாதச் சம்பளம். நம்மவருக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டியாக வேண்டிய உரிமத் தொகை, அதுவும் குறுகிய காலக் குத்தகை. அடுத்த முறை டெண்டர் தனக்கே விழும் என்று தெரியாதவர் எதற்கு மின்விசிறி மாட்டுவார், கழிவறை கட்டுவார்? ஆள் சீக்கிரம் எழுந்தால் அடுத்த ஆளுக்குச் சுண்டலும் ஆம்லெட்டும் விற்கலாம், காலி பாட்டிலும் கூடுதலாகச் சேரும். ஆக, மெதுவாக உட்காருகிறவர் அந்தக் கணக்கில் செலவு. காலி பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கியது, அதனால் பாட்டில் வருமானக் கதை மாறுகிறது என்றாலும் அடிப்படைக் கணக்கு அதேதான். டாஸ்மாக் 1983-ல் தொடங்கியது, 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. எல்லாமே பாட்டில் விற்பதற்காக அமைந்த கடை. உட்காருவதற்கான இடம் அதன் ஓரத்தில் ஒட்டவைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கணக்கில் கொண்டுவர முடியாது. 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971-ல் எடுத்து, மீண்டும் போட்டு, 1981-ல் மறுபடி எடுத்தது என்று நம் தாத்தா காலத்திலிருந்தே குடி என்பது ஒளிந்து செய்கிற காரியம். தெரிந்தவர் யாரும் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பவன் இளைப்பாற முடியாது. எத்தனை குடும்பங்களைக் குடி அழித்திருக்கிறது என்று பார்த்தால் அந்த வெட்கத்தைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நல்ல நாற்காலி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே குடிக்கு அடிமையானவருக்கு எவ்வளவு இதமான பாரும் ஆபத்தான பார்தான். அவருக்கு வேண்டியது மருத்துவர்.

உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு வருகிறேன்: ஒரே ஒரு ஜூஸோடு தனியாகப் போய் உட்கார்ந்தால் முறைப்பார்களா? மாட்டார்கள். குழாயிலிருந்து பீய்ச்சித் தரும் குளிர்பானங்களில் கடைக்கு லாப விகிதம் பீரைவிட நன்றாகவே இருக்கும், ஆகவே தயங்க வேண்டாம். லைம் சோடா கேளுங்கள், விலையும் குறைவு. ஆல்கஹால் இல்லாத பீரும் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. பப்பைத் தேர்வு செய்ய வெள்ளி இரவு போகாதீர்கள், செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். தனியாக ஒருவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறாரா, நாய் ஒன்று மேசைக்கடியில் தூங்குகிறதா, நீங்கள் குரலை உயர்த்தாமல் ஆர்டர் கொடுக்க முடிந்ததா என்று கவனியுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஜன்னலோர மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கடைக்காரர் உள்ளூரச் சந்தோஷப்படுவார். காலியான பப்புக்குள் நுழைய யாருக்கும் தயக்கம் இருக்கும், ஜன்னலில் ஒரு ஆள் தெரிந்தால் தெருவில் போகிறவர் உள்ளே வருவார். வெள்ளி இரவு எட்டு மணிக்கு நாலு பேர் மேசையைத் தனியாகப் பிடித்துக்கொள்வது மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் கவுண்டர் ஓரத்து ஸ்டூலுக்கு மாறிக்கொள்ளுங்கள், ஜூஸையும் அங்கேயே வைத்துக் குடிக்கலாம்.